தாத்தா சைக்கிள்ல எவ்வளவு குரோம் தெரியணும்?

போன வாரம் பர்மாவோட மோல்மீன் ஊர்ல இருந்து ஒரு தம்பி அவங்க தாத்தா ஓட்டின இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் சைக்கிளோட பிரேம சாக்குல சுத்தி பஸ்ல ரங்கூன்ல இருக்கிற என் சைக்கிள் பெயிண்ட் பட்டறைக்கு அனுப்பி வச்சாரு. "அண்ணே, பெயிண்டுக்கு கீழ குரோம் முலாம் இருக்கு, எல்லாத்தையும் சுரண்டிட்டு ஃபுல்லா பளபளன்னு விட்டுருங்க"ன்னு போன்ல சொன்னாரு. இப்படி கேக்குறவங்க இப்ப அதிகமாயிட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத இங்கயே எழுதிடலாம்னு தோணுச்சு.

நம்ம கண்ணுக்கு பளிச்சுன்னு தெரியிற குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான் கனம் கூட இருக்காது, ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான்னா கணக்கு போட்டுப் பாத்துக்குங்க. துருவ தடுக்கிறது அதுக்கு அடியில இருக்கிற நிக்கல்தான். குரோம்ல கண்ணுக்கு தெரியாத விரிசல் எப்பவும் இருக்கும், நிக்கல் தேஞ்சு போயிருந்தா தண்ணி அந்த வழியா நேரா இரும்புக்கு போயிரும், மே பாதியில இருந்து அக்டோபர் வரைக்கும் கொட்டுற நம்ம ஊரு மழையில ஒரே சீசன்ல பழுப்பு புள்ளி புள்ளியா வந்துரும்.

அதனால நான் அழக ரெண்டாவதாத்தான் பாப்பேன். பெயிண்ட் எங்க நிக்கவே நிக்காதோ அங்க குரோம காட்டணும். நட்டு போட்டு சக்கரத்த இறுக்குற முன் நுனி, பின் நுனி, அப்புறம் செயின் எகிறி அடிக்கிற வலது பக்க செயின் ஸ்டே, அதாவது பெடல் அச்சுல இருந்து பின் சக்கரத்துக்கு போற குழாய். அந்த இடத்துல எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும் ஸ்பேனர் வச்சு ஒரு திருகு திருகினா உடைஞ்சு போகும். பழைய ரேஸ் பிரேம்ல அங்க குரோம் போட்டதுக்கு அதுவும் ஒரு காரணம், வெறும் ஷோ இல்ல. பிரேம் குழாய்ங்க சேர்ற மூட்டுல இருக்கிற லக்கு சுத்தமா இருந்தா அதையும் மறைக்காம விடலாம், பாக்க லட்சணமாத்தான் இருக்கும்.

சுத்தமா இருக்கான்னு எப்படி பாக்குறது? அலுமினியம் ஃபாயில கசக்கி தண்ணியில நனைச்சு தேய்ங்க, மேல இருக்கிற துரு போயிரும். அதுக்கப்புறமும் ஊசி குத்தின மாதிரி குழி தெரிஞ்சா அங்க நிக்கலும் போயிருச்சுன்னு அர்த்தம், அது பெயிண்டுக்கு அடியில போக வேண்டியது.

வருஷத்தையும் பாருங்க. பின் சக்கரத்து நடுவுல ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியோட கியர் ஹப்பு இருந்தா பெரும்பாலும் அதுமேல வருஷம் ரெண்டு நம்பர்ல அடிச்சிருக்கும், 54னா 1954, ஆனா ஹப்ப யாராச்சும் மாத்தியிருக்கலாம். 1920கள் கடைசியிலதான் குரோம் பரவலா வந்துச்சு, அதுக்கு முந்தினது நிக்கல், லேசா மஞ்சள் கலந்த வெள்ளையா இருக்கும். ரெண்டாம் உலகச் சண்டை காலத்து சைக்கிள்ல பெரும்பாலும் ஹேண்டில்பார் கூட கருப்புதான், அதுக்கு குரோம் போட்டா அது வேற சைக்கிள் ஆயிரும். கனமான ராலே, ஹம்பர் சைக்கிளெல்லாம் பெரும்பாலும் பிரேம் கருப்பு எனாமல்லதான் வந்துச்சு, அதுல குரோம தேடி சுரண்டாதீங்க.

மறைக்கிற குரோம் மேல நேரா பெயிண்ட் அடிச்சா தாமரை இலை தண்ணி மாதிரிதான், ஒட்டாது. தொழில் பழகின புதுசுல நானும் அப்படித்தான் அடிச்சு குடுத்தேன், மழை முடியிறதுக்குள்ள முட்டை ஓடு மாதிரி உரிஞ்சு வந்துச்சு, அந்த பெரியவர் ஒண்ணுமே சொல்லாம பிரேம மேஜையில வச்சிட்டு நின்னது இன்னிக்கும் மனசுல இருக்கு. இப்ப முதல்ல டேப் ஒட்டி கோட்ட முடிவு பண்ணிட்டு, பெயிண்ட் வர்ற பக்கத்த மட்டும் 320 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, அதுக்கப்புறம்தான் உலோகத்த கவ்விப் பிடிக்கிற எட்ச் பிரைமர் லேசா ஒரு பூச்சு. டேப் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், குரோம்ல ஒரு கீறல் விழுந்தாலும் ஆயுசுக்கும் தெரியும். கோடு லக்கோட ஓரத்துலயே முடிஞ்சா இன்னும் நல்லது.

பிரேம் முழுக்க புதுசா முலாம் போடணும்னு மட்டும் கேக்காதீங்க, கெஞ்சி கேட்டுக்கிறேன். பாலிஷ் பண்ணும்போது லக்கோட கூர் ஓரமும் பிரேம் நம்பரும் தேஞ்சு போகும், ஆசிட் குழாய்க்குள்ள தங்கினா உள்ளயே அரிக்கும், வெளிய மின்னிக்கிட்டிருக்கும்போதே ஒரு நாள் முறியலாம். வீட்டுல பாத்ரூம் ஆசிட்ல ஊற வைக்கிறதும் வேண்டாம்.

இன்னொண்ணு, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்குங்க. காஞ்ச நிலையில தேய்க்காதீங்க, தண்ணி தொட்டு தேய்ங்க, மாஸ்க் போடுங்க, புள்ளைங்கள கிட்ட விடாதீங்க, வேலை பாத்த சட்டையோட குழந்தைய தூக்காதீங்க.

தம்பி பிரேமுக்கு வர்றேன். ஃபோர்க்கு நுனியில இருந்து நாலு இஞ்ச் நல்லா இருக்கு, வலது செயின் ஸ்டேயும் தப்பிச்சிருச்சு, இடது பக்கம் முழுக்க குழி, ஹேண்டில்பாருக்கு கீழ இருக்கிற ரெண்டு தலை லக்குல ஒண்ணு சுத்தம் ஒண்ணு மோசம். ஒண்ண மட்டும் காட்டினா ஒத்த கம்மல் மாதிரி இருக்கும், ரெண்டையும் மறைச்சிரலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "தாத்தா பச்சைதான் வச்சிருந்தாரு அண்ணே"ன்னாரு. சீட்டு லக்குக்கு அடியில ஒரு துளி பழைய பச்சை மிச்சம் இருந்துச்சு, அத வச்சுத்தான் கலர் கலக்கிட்டு இருக்கேன், ஏப்ரல்ல வர்ற திஞ்சான் தண்ணி திருவிழாவுக்கு முன்னாடி கடைசி பூச்சு அடிச்சிருவேன்.