டெட்ரூசர்: சிறுநீர்ப்பையின் உந்துதசை

"ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது, போய் உட்கார்ந்தா சொட்டுச் சொட்டாத்தான் வருது." தர்மபுரிப் பக்கம் வயசானவர்கள் டாக்டரிடம் இப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தொல்லைக்கு ரிப்போர்ட்டில் சில நேரம் 'டெட்ரூசர் பலவீனம்' என்று எழுதியிருக்கும். ஏதோ புது நோய் என்று வீட்டில் எல்லாரும் பதறிப்போவார்கள்.

டெட்ரூசர் என்பது நோயின் பெயரே இல்லை, ஒரு தசையின் பெயர். 'டெட்ரூடெரே' என்ற இலத்தீன் வினைக்குக் கீழே தள்ளுதல், வெளியே தள்ளுதல் என்று பொருள். அதிலிருந்து வந்த டெட்ரூசர் என்றால் 'தள்ளுவது'. சிறுநீர்ப்பைச் சுவரில் தடிப்பாக இருக்கும் வரியற்ற தசையடுக்கு அதுதான். அது சுருங்கினால் நீர் வெளியேறும்.

தமிழில் உந்துதசை என்பதே பொருத்தம். 'உந்தி' என்று சுருக்கக் கூடாது. அது கொப்பூழைக் குறிக்கும் பழைய சொல். 'வெளித்தள்ளி' என்றால் இயந்திர பாகம் போல ஒலிக்கிறது.

வயதானால் இந்தத் தசைக்கு என்ன ஆகிறது என்பது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் தசை, நார் இரண்டுமே இளஞ்சிவப்பாக இருப்பதால் பிரித்தறிவது சிரமம். மேசன் டிரைகுரோம் சாயம் ஏற்றினால் தசை சிவப்பாகவும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் நீலமாகவும் பிரிந்து நிற்கும். இளவயதுச் சுவரில் சிவப்புக் கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கிக் கிடக்கும். நடுவே நீலம் மெல்லிய கோடாக ஓடும். முதியவர்களின் சுவரில் அந்த நீலம் அகன்று, கற்றைகளுக்குள்ளேயும் புகுந்திருக்கும். 1993-ல் எல்பதாவி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். தசைச் செல்லின் சவ்வில் வழக்கமாக இருக்கும் குட்டிக் குழிகள் குறைந்து, அடர்ந்த கரும்பட்டைகள் நீண்டிருந்தன. இதை 'அடர்பட்டை அமைப்பு' எனலாம்.

தசை குறைந்து நார் கூடினால் உந்தும் வலு குறையும். நீர் முழுவதும் இறங்காமல் பையில் தங்கும். இது யாருடைய தவறும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குப் பஸ் ஏறும் முன் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பாட்டிகள் உண்டு. இந்த ஊர் வெயிலில் அது ஆபத்து: சிறுநீர் அடர்ந்து கடுப்பு வரும், கல்லும் சேரும். நீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை ஸ்கேனிலேயே அளந்துவிடலாம். ஆண்களுக்குப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் அடைப்பாலும் இதே தொல்லை வரும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.