சர்வர் சும்மாதான் இருக்கிறது, பில் மட்டும் ஏன் தொங்குகிறது?

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி, ஆம்பூரில் ஷூ கம்பெனி, வேலூரில் ஆஸ்பத்திரி, கல்லூரி என்று இந்தப் பக்கத்து சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். எங்கிருந்து போன் வந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சார், சாப்ட்வேர் ரொம்ப ஸ்லோவா இருக்கு." அங்கே இருப்பவர்கள் அதற்குள் சில காரியங்களைச் செய்து முடித்திருப்பார்கள். சர்வரில் சிபியூ, மெமரி பார்த்திருப்பார்கள், பாதிகூட ஓடியிருக்காது. எதிர்முனை பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் போட்டிருப்பார்கள், ஒழுங்காகப் பதில் வந்திருக்கும். இன்டர்நெட் கம்பெனிக்காரர் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, லைன் கிளியராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அத்தனையும் உண்மைதான். ஆனாலும் அக்கவுண்ட்ஸ் மேஜையில் ரிப்போர்ட் வராமல் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் ரேமைக் கூட்டுவார்கள், பெரிய சர்வர் வாங்குவார்கள். பணம் போகும், ஸ்லோ போகாது.

இத்தனை சோதனையிலும் யாரும் எட்டிப்பார்க்காத இடம் டிசிபி, அதாவது தரவைப் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக அனுப்பி மறுமுனையில் சரியாகச் சேர்க்கும் ஏற்பாடு. பிரவுசர், டேட்டாபேஸ், பில்லிங் சாப்ட்வேர் எல்லாம் பெரும்பாலும் அதன் மேல்தான் ஓடுகின்றன. வழியில் பாக்கெட் தொலைந்தால் டிசிபி சத்தம் போடாது. திரும்ப அனுப்பி வேலையை முடித்துவிடும். தரவில் ஒரு பைட் குறையாது, எந்த எரரும் திரையில் வராது, நேரம் மட்டும் கூடும். அதோடு, பாக்கெட் தொலைந்ததை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

இந்தக் குணம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாக் கணினிகளும் தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் கூட்டியதுதான் சிக்கல். வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய கட்டுரையில் வந்த நெரிசல் கட்டுப்பாடுதான், பல மாற்றங்களோடு, இன்றும் நம் சர்வர்களில் ஓடுகிறது. இணையம் முழுக்கப் படுத்துவிடாமல் காப்பாற்றும் அதே ஏற்பாடு, எங்கோ ஒரு கெட்டுப்போன கேபிளில் பாக்கெட் தொலைந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு 1997-ல் வெளியான ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. பாக்கெட் அளவு 1,460 பைட், போய்வரும் நேரம் 30 மில்லிசெகண்ட், இழப்பு 1 சதவீதம் என்று வையுங்கள். ஒரு இணைப்புக்குக் கிடைப்பது 5 எம்பிபிஎஸ்-க்கும் குறைவு. லைன் 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தாலும் அவ்வளவுதான். ஆனால் ஸ்பீட் டெஸ்ட் பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து, சென்னையில் பக்கமாக இருக்கும் சர்வரோடு பேசுவதால் எண் அழகாக வரும். பிங் விஷயமும் அப்படித்தான்: 1 சதவீத இழப்பு இருக்கும் லைனில் 10 பிங் போட்டால், ஒன்றுகூடத் தவறாமல் வர 90 சதவீத வாய்ப்பு உண்டு.

சரி, எங்கே பார்ப்பது? லினக்ஸ் சர்வரில், ஓடும் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) என்ற கட்டளை இருக்கிறது. பழைய நெட்ஸ்டாட்டின் இடத்துக்கு வந்தது. முதலில் அது காட்டும் ரெசிவ் க்யூ, செண்ட் க்யூ என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். நடப்பில் உள்ள இணைப்பில் ரெசிவ் க்யூ ஏறிக்கொண்டே போனால், வந்து சேர்ந்ததை நம் சாப்ட்வேர் எடுத்துப் படிக்கவில்லை. நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை. செண்ட் க்யூ தேங்கி நின்றால், நாம் அனுப்பியதற்கு எதிர்முனையிலிருந்து இன்னும் ஒப்புதல் வரவில்லை. யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

அதே கட்டளையில் ஐ (-i) என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு இணைப்பின் உள்விவரமும் வரும். போய்வரும் நேரத்தின் சராசரி, அது ஆடும் அளவு, இதுவரை கண்ட மிகக் குறைந்த நேரம், எத்தனை பாக்கெட் திரும்ப அனுப்பப்பட்டது, எதிர்முனையின் பஃபர் (வந்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரம்பியதால் எவ்வளவு நேரம் காத்திருந்தது, எல்லாம். குறைந்த நேரம் 28 மில்லிசெகண்ட், இப்போதைய சராசரி 180 என்றால் வழியில் எங்கோ வரிசை நிற்கிறது. இரண்டும் ஒட்டி இருந்து, திரும்ப அனுப்பிய எண் மட்டும் ஏறினால் வழியில் ஏதோ தொலைகிறது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

ராணிப்பேட்டை தோல் ஷெட் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். சர்வர் மும்பை டேட்டா சென்டரில். சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் புகாரே இல்லை. சர்வரின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் ரீடிரான்ஸ்மிஷன் (திரும்ப அனுப்புவது) மிகக் குறைவு. முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், கிட்டத்தட்ட அத்தனையும் ராணிப்பேட்டை இணைப்புகளில் மட்டும் என்று தெரிந்தது. அதிலும் ஷெட்டில் தோல் பதனிடும் டிரம் ஓடும் நேரத்தில் மட்டும். அங்கே போய் நெட்வொர்க் ஸ்விட்சில் கேபிள் செருகிய போர்ட்டின் கணக்கை எடுத்தால் சிஆர்சி எரர், அதாவது வழியில் சிதைந்து வந்தவற்றின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டிருந்தது. ரூட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளை டிரம் மோட்டாரின் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் இழுத்திருந்தார்கள். இன்டர்நெட் லைனில் ஒரு குறையும் இல்லை. கேபிளைத் தனி வழியில் இழுத்ததும் ரிப்போர்ட் வரத் தொடங்கியது. ஷெட்டுக்கு ஷெட் இழுப்பதாக இருந்தால் நான் ஃபைபர் மட்டும்தான் போடச் சொல்வேன். மோட்டாரின் மின் இரைச்சல் அதைத் தொடாது, இடி மின்னலில் ஸ்விட்சும் தப்பிக்கும்.

மொத்த சராசரியை நம்பாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். நூறு இணைப்பு நன்றாக இருந்தால் கெட்டுப்போன ஐந்தை சராசரி மூடிவிடும். இன்னொன்று: சர்வரில் தெரிவது சர்வர் அனுப்பியதில் தொலைந்தது மட்டும். அலுவலகத்திலிருந்து மேலே போகும் வழியில் தொலைவது அலுவலகக் கணினியில்தான் தெரியும். அப்லோடு புகார் என்றால் அந்த முனையில் பாருங்கள்.

அடுத்தது நெட்வொர்க்கில் இல்லாத, ஆனால் நெட்வொர்க் மாதிரியே தோன்றும் கோளாறு. காலையில் ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட் திறக்கும் நேரம், கல்லூரி ரிசல்ட் வரும் நேரம். சிலருக்குப் பக்கம் உடனே திறக்கும். சிலருக்கு ஒரு வினாடி கழித்து, சிலருக்கு மூன்று, ஏழு வினாடி கழித்து. இந்த 1, 3, 7 என்ற வரிசையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். இணைப்பு கேட்டு அனுப்பும் முதல் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால், கேட்ட கணினி வழக்கமாக ஒரு வினாடி காத்திருந்து மறுபடி அனுப்பும். பிறகு காத்திருப்பு இரண்டு, நான்கு என்று இரட்டிக்கும். பெரும்பாலும் பாக்கெட் வழியில் தொலைந்திருக்காது. சர்வர் வரை வந்து, அங்கே புது இணைப்புகள் காத்திருக்கும் வரிசை நிரம்பியதால் கீழே போடப்பட்டிருக்கும்.

லினக்ஸில் இந்த வரிசையின் உச்சவரம்பு, அதன் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்புக்கு முன்புவரை இயல்பாக 128 தான்; அதிலிருந்து 4,096. பழைய கெர்னல் ஓடும் சர்வர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. வரம்பை உயர்த்தினால் மட்டும் போதாது, சாப்ட்வேர் தானாகக் கேட்கும் அளவும் உண்டு. ஜாவாவின் சர்வர் சாக்கெட் இயல்பாகக் கேட்பது 50. இரண்டில் எது சிறியதோ அதுதான் நடைமுறைக்கு வரும். என்ஸ்டாட் (nstat) கட்டளையில் லிசன் ஓவர்ஃப்ளோஸ் என்ற எண் ஏறுகிறதா என்று பாருங்கள். புது இணைப்புக்காகக் காத்திருக்கும் போர்ட்டுக்கு எஸ்எஸ் காட்டும் ரெசிவ் க்யூ, செண்ட் க்யூ எண்களுக்கு அர்த்தமே வேறு: முதலாவது வரிசையில் நிற்பவர்கள், இரண்டாவது வரிசையின் கொள்ளளவு. இதைப் பார்க்காமல் சர்வரை இரட்டிப்பாக்கியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் போனை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஏழு வினாடி பெரிது.

டைம் வெய்ட் நிலையில் ஆயிரக்கணக்கில் இணைப்பு நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூடிய இணைப்பு லினக்ஸில் 60 வினாடி அப்படி நிற்பது இயல்பு. இதைக் குறைக்க டிடபிள்யூ ரீசைக்கிள் என்ற அமைப்பைப் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. தயவுசெய்து போடாதீர்கள். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல பேர் இருந்தால் அவர்களில் சிலருடைய இணைப்பை அது தட்டிவிடும். அதனாலேயே 2017-ல் வந்த 4.12 கெர்னலில் அதை நீக்கிவிட்டார்கள். கவலைப்பட வேண்டியது க்ளோஸ் வெய்ட்தான். எதிர்முனை மூடிய பிறகும் நம் சாப்ட்வேர் மூடாமல் வைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். எண்ணிக்கை இறங்காமல் ஏறினால் டெவலப்பரிடம் கொண்டு போங்கள்.

இதெல்லாம் புகார் வந்த பிறகு பார்த்தால் பாதிதான் பயன். நல்ல நாளில் எண் எப்படி இருந்தது என்று தெரியாமல் கெட்ட நாளின் எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்? கெர்னல் வைத்திருக்கும் எண்கள் சர்வர் ஆன் ஆனதிலிருந்து கூட்டிக்கொண்டே வருபவை. லட்சக்கணக்கில் ரீடிரான்ஸ்மிஷன் என்று தெரிந்தால் அது ஒரு வருடத்துக் கணக்காகவும் இருக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். சார் (sar) என்ற கருவியே போதும். அது பல சர்வர்களில் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிவு செய்யும், அதை 1 நிமிடமாக மாற்றுங்கள். ப்ரொமீதியஸ், கிராஃபானா தெரிந்தவர்கள் அதில் வரைபடமாகப் போடலாம். வெளி இணையத்தில் அரை சதவீதத்துக்குள் ரீடிரான்ஸ்மிஷன் இருந்தால் நான் விட்டுவிடுவேன், ஒன்றைத் தாண்டினால் தேடத் தொடங்குவேன். ஒரே கட்டடத்துக்குள் என்றால் கிட்டத்தட்ட சுழியமாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும் நம் ஊரில், மொட்டை மாடிப் பெட்டிக்குள் வைத்த ஸ்விட்ச் மதியத்தில் மட்டும் தடுமாறுவது இந்தப் பதிவில்தான் வெளியே வரும்.

நேரத்தைச் சரிபாருங்கள். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். காலை 11 மணிப் புகாரை லாகில் 5.30-ல் தேட வேண்டும். பாக்கெட்டையே பிடித்துப் பார்க்க டிசிபிடம்ப் ஓட்டுவதாக இருந்தால், ஆஸ்பத்திரி, பள்ளி மாதிரி இடங்களில் பெரும்பாலும் தலைப்புப் பகுதி மட்டும் விழும்படி 96 பைட்டோடு வெட்டிக்கொள்ளுங்கள். நோயாளியின் விவரம் நம் லேப்டாப்பில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் முதல் பில் மட்டும் தொங்கி, மறுபடி லாகின் செய்தால் சரியாகிறது என்றால் அது வேறு வகை. நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ, பல கணினிகளை ஒரே பொது முகவரியில் வெளியே விடும் நாட் கருவியோ, சும்மா கிடந்த இணைப்பைத் தன் நினைவிலிருந்து எடுத்திருக்கும். இரு முனைகளுக்கும் அது தெரியாது. சும்மா கிடக்கும் இணைப்பில் எதிர்முனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது கீப்அலைவ். லினக்ஸில் அது இயல்பாக 7,200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் குரல் கொடுக்கும். அதுவும் சாப்ட்வேர் கேட்டிருந்தால் மட்டும். பில்லிங் சாப்ட்வேரில் கீப்அலைவை ஆன் செய்து, நேரத்தை 300 வினாடிக்குக் குறையுங்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எஸ்எஸ் போட்டு, காலையில் திறந்த இணைப்பே இன்னும் உயிரோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.