உறைபனிக் காட்டில் அமூர் புலி பிழைப்பது எப்படி?

ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள சிகோத்தே-அலின் மலைக்காடுகளில் கடுங்குளிர் நாட்களில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். கரடிகள் அப்போது குகைக்குள்ளும் மரப்பொந்துக்குள்ளும் உறங்கிக் கிடக்கும். அமூர் புலிக்கு அந்த வழி இல்லை. பூனைக் குடும்பத்தில் எந்த விலங்கும் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. குளிர்காலம் முழுக்க நடந்து, வேட்டையாடித்தான் அது வயிற்றை நிரப்ப வேண்டும்.

குளிரை அதன் உடலே சமாளித்துவிடுகிறது. கோடையில் முதுகில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே இருக்கும் மயிர், குளிர்காலத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் வளர்ந்து அடர்த்தியாகிவிடும். கழுத்திலும் வயிற்றிலும் இன்னும் நீளம். மயிர்களுக்கிடையே அடைபட்டுக் கிடக்கும் காற்று உடற்சூட்டை வெளியே விடாது. விலாவிலும் வயிற்றிலும் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்கும். உடல் பெரிது என்பதால் எடைக்கு மேற்பரப்பு குறைவு. இழக்கும் வெப்பமும் அந்த அளவுக்குக் குறைவு.

புலி படுத்தெழுந்த இடத்தில் பனி லேசாக உருகி, பிறகு உறைந்து, மெல்லிய பனிக்கட்டி ஓடாக நிற்கும். அதில் ஒட்டியிருக்கும் மயிர்களை ஆய்வாளர்கள் மரபணுச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். புலிக் கணக்கெடுப்பும் பனிக்காலத்தில்தான். தடத்தில் முன்காலின் பின்திண்டை (விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய மெத்தைப் பகுதியை) அளப்பார்கள்; அகலம் 10.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் வளர்ந்த ஆண் என்று கொள்வது வழக்கம்.

புலியை உண்மையில் வாட்டுவது ஆழ்பனியும் பசியும். ஆண் புலி சராசரியாக 175 கிலோ எடை. புதுப்பனியில் கால் புதைந்துவிடும். வயிறு உரசும் ஆழத்தில் ஒவ்வோர் அடியும் கொழுப்பைக் கரைக்கும். அதனால் உறைந்த ஆறுகள், காட்டுப்பன்றிகள் மிதித்த தடங்கள், மரம் ஏற்றும் லாரிப் பாதைகள் வழியாகவே நடக்கும். லாரிப் பாதை ஆபத்தும்கூட. கள்ள வேட்டைக்காரர்களும் அந்த வழியில்தான் வருகிறார்கள். இடையில் ஒருநாள் பனி உருகி மறுபடி உறைந்தால் மேலே கூரான ஓடு கட்டும். மானும் பன்றியும் அதை உடைத்துக்கொண்டு புதைந்து தவிக்கும். புலியின் பாதமும் கிழிபடும்.

ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை வழியே கண்காணித்ததில், புலி சராசரியாக ஆறேழு நாளுக்கு ஒருமுறை இரை வீழ்த்துவதும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 கிலோ தின்பதும் தெரியவந்தது. பெரிய இரை கிடைத்தால் தின்று முடியும்வரை சில நாட்கள் அங்கேயே தங்கிவிடும். இரை அடர்த்தி குறைவு என்பதால் பெண்புலிக்கே ஏறக்குறைய 400 சதுர கி.மீ. காடு வேண்டும், இந்தியாவின் வளமான காடுகளில் 20 சதுர கி.மீ. அளவே போதுமானது.

இரையைத் தீர்மானிப்பது மரங்கள். காட்டுப்பன்றி கொழுப்பது கொரியப் பைன் விதையிலும் மங்கோலிய ஓக் கொட்டையிலும்தான். பைன் ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை. காய்க்காத ஆண்டில் பன்றிகள் மெலிந்து, ஆழ்பனியில் சாகும், அல்லது இடம்பெயரும். அண்மை ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் சேர்ந்து அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தது. அப்போது காயம்பட்ட புலிகளும், தாயைப் பிரிந்த இளம்புலிகளும் ஊர்ப்பக்கம் வந்து நாய்களைப் பிடிக்கின்றன. நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயின் வைரஸ் தொற்றும் அபாயம் அதோடு வருகிறது. மனிதர்களோடு மோதலும் மூள்கிறது. கொரியப் பைனை வெட்ட ரஷ்யா 2010-ல் விதித்த தடை, அந்த வகையில், புலிக்கான உணவுப் பாதுகாப்பும்தான்.