உறைமோர் கேட்காத தயிர்

"சுமத்ராவில் மூங்கில் குழாய்க்குள் எருமைப்பாலை ஊற்றி வைத்தால் தானாகவே தயிராகிவிடுமாம். காய்ச்சுவதும் இல்லை, உறைமோர் விடுவதும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நம்பலாம். அந்தத் தயிருக்கு டாடியா என்று பெயர். மலாயில் டாடிஹ். சமஸ்கிருத 'ததி'யிலிருந்து போன சொல். பெருமாள் கோயிலில் ததியோதனம் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு அந்த 'ததி' புதிதல்ல.

மேற்குச் சுமத்ராவில் புக்கிட்டிங்கி என்ற மலை நகரம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். பக்கத்திலேயே மராபி, சிங்காலாங் என்று இரண்டு எரிமலைகள். அதைச் சுற்றிய ஆகாம் மாவட்டத்துச் சிற்றூர்களில் மினாங்கபாவ் மக்கள் வாழ்கிறார்கள். ஊருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'நாகரி'. சரிவில் அடுக்கடுக்காக வயல், ஓரத்தில் மூங்கில் புதர், எருமைக் கொம்பு மாதிரி இரண்டு முனையும் வளைந்து நிமிர்ந்த கூரையுள்ள பெரிய வீடு. வீடும் பூர்வீக நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகன்கள் பிழைக்க வெளியூர் போவார்கள்.

எருமை அங்கே கூரையோடு நிற்பதில்லை, பெயரிலேயே இருக்கிறது. ஜாவாவிலிருந்து படையெடுத்து வந்தவர்களோடு ஓர் ஒப்பந்தம்: ஆளுக்கு ஓர் எருமை விட்டு மோதிப் பார்ப்போம். அவர்கள் மலை மாதிரி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். இவர்கள் பால்குடி மறக்காத கன்று ஒன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் இரும்பு முனையைக் கட்டி விட்டார்கள். அது தாய் என்று நினைத்து ஓடிப் போய்ப் பெரிய எருமையின் வயிற்றில் முட்ட, சண்டை முடிந்தது. 'மினாங் கபாவ்', வென்ற எருமை. வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல கதை.

கதை இருக்கட்டும், நிஜ எருமைக்கு வருவோம். அங்குள்ளவை சேற்றெருமைகள். நம் முர்ரா போன்ற ஆற்றெருமைகளுக்கு 50 குரோமோசோம், இவற்றுக்கு 48. உழவுக்குப் பழகியவை, பால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் கிடைத்தால் பெரிது. அதுவும் கன்றை முட்டவிட்டால்தான் சுரக்கும். ஆனால் பால் கெட்டி. கொழுப்பு 7, 8 சதவீதம் வரை இருக்கும். பசும்பாலில் சுமார் 4.

செய்முறை சொல்ல ஒரு நிமிடம் போதும். பச்சை மூங்கிலைக் கணு அடியில் இருக்குமாறு நறுக்குவார்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் ஊற்றுவார்கள். வாயை வாட்டிய வாழையிலையால் மூடிக் கட்டி, இரண்டு நாள் அப்படியே வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான். இனி அந்த இரண்டு நாளில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

உறைமோர் விடவில்லை என்றால் பாக்டீரியா இல்லை என்று பொருளில்லை. யாரும் அழைக்காமலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பாலிலும், மூங்கிலின் உட்சுவரிலும், வாழையிலையிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. கூடவே பாலைக் கெடுக்கும் கூட்டமும் உண்டு. முதல் சில மணி நேரம் எல்லோருக்கும் பந்தி. லாக்டிக் கூட்டமோ பால் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது. புளிப்பு ஏற ஏற மற்றவை சுருண்டுவிடுகின்றன, இவை மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. சாப்பிட்ட இலையில் எச்சில் துப்பிப் பந்தியையே தனதாக்கிக்கொள்ளும் முரட்டு விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயின் வடிவமும் இதற்குத் துணை. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பால் ஊற்றினால் கிட்டத்தட்ட 400 மில்லி. அதே பாலை 20 சென்டிமீட்டர் அகலத் தட்டில் ஊற்றினால் காற்றுப்படும் பரப்பு 16 மடங்கு. பூஞ்சைக்குக் காற்று வேண்டும், லாக்டிக் பாக்டீரியாவுக்குத் தேவையில்லை. குறுகிய வாய் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் உறைவது. பாலில் கேசீன் என்ற புரதம் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்த உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டையின் மேலே பூனை முடி மாதிரி இழைகள், அவற்றில் எதிர்மின்னேற்றம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஒட்டுவதில்லை. பாலின் பிஎச் அளவு சுமார் 6.6. அமிலம் சேரச்சேர அது இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது அந்த மின்னேற்றம் அழிந்துவிடுகிறது. தள்ளிக்கொண்டிருந்தவை கைகோத்து ஒரு வலையாகின்றன. தண்ணீரும் கொழுப்பும் வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. அதுதான் தயிர்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாம் ஏன் பாலைக் காய்ச்சி உறை ஊற்றுகிறோம்? கிருமி சாக மட்டும் இல்லை. பாலின் நீரில் கரைந்திருக்கும் இன்னொரு வகைப் புரதம் சூட்டில் சுருள் அவிழ்ந்து கேசீன் உருண்டைகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அப்போதுதான் வலை நெருக்கமாகி நீரைப் பிடித்துவைக்கும். பச்சைப் பாலை உறைய வைத்தால் வலை தளர்ந்து, தயிர் ஒருபக்கம் தண்ணீர் ஒருபக்கமாக நிற்கும். டாடியா காய்ச்சாத பால்தானே? பிறகு எப்படிக் கத்தியால் வெட்டுகிற அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது?

விடை குழாயில் இருக்கிறது. மூங்கில் சுவர் நீரை உறிஞ்சும். பிரிந்து வரும் தெளிநீரில் ஒரு பங்கை அது குடித்துவிடுகிறது. மண்சட்டித் தயிர் இறுகுவதும் இதே வித்தைதான். கண்ணாடிக் குவளையில் இருந்தால் மேலே நின்றிருக்கும் நீர் இங்கே சுவருக்குள் போய்விடுகிறது. ஆனால் எல்லாப் புகழையும் மூங்கிலுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பாலிலேயே இவ்வளவு கொழுப்பும் புரதமும் இல்லாவிட்டால் எந்த மூங்கிலாலும் காப்பாற்ற முடியாது. பெரிய பங்கு எருமைக்குத்தான்.

இதைச் சோற்றோடு சம்பல் என்ற மிளகாய்த் துவையல் தொட்டும் சாப்பிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஆம்பியாங் டாடியா: இடித்துத் தட்டையாக்கிய ஒட்டரிசியின் மேல் டாடியா, தேங்காய்த் துருவல், பனைவெல்லப் பாகு. தயிர் அவலின் தூரத்துச் சொந்தம்.

டாடியாவிலிருந்து இந்தோனேசிய ஆய்வாளர் இங்க்ரிட் சுரோனோ பிரித்தெடுத்த பாக்டீரியா வகைகள் ஆய்வுலகில் பெயர் பெற்றவை. நல்லதுதான். ஆனால் பொடியாக்கிக் கேப்சூலில் அடைக்கக்கூடிய உயிரிக்குப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. அந்த உயிரியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய எருமைக்கும் மூங்கில் புதருக்கும் யார் நிதி தருகிறார்கள்? உழவுக்கு இயந்திரம் வந்த பிறகு ஒன்றிரண்டு லிட்டருக்காக எருமை வளர்ப்பது கட்டுப்படியாகிற காரியமில்லை. இன்னொரு பக்கம், மூங்கில் தயிர் சாப்பிட்டால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள். அது தயிர், ஐயா. நல்ல தயிர்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: வீட்டில் மூங்கில் வெட்டி முயலலாமா? பாக்கெட் பாலை வைத்து வேண்டாம். அதைச் சூடாக்கியபோதே உள்ளே இருந்த லாக்டிக் கூட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மூங்கிலில் எது ஒட்டியிருக்கிறதோ அதை நம்பி இரண்டு நாள் வெளியே வைக்க வேண்டும். புளிக்கவும் செய்யலாம், அழுகவும் செய்யலாம். பச்சைப் பாலிலோ புருசெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். புளிப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடாது. உறைமோர் இல்லாமல் உறைவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், காய்ச்சி ஆறிய பாலில் காம்போடு இரண்டு மிளகாயைப் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரவு மூடி வையுங்கள். வீட்டில் மோர் தீர்ந்துபோன நாளில் பாட்டிமார் செய்தது இதைத்தான். காம்பில் ஒட்டியிருப்பதும் அதே கூட்டம். முதல் தடவை தளர்வாகத்தான் வரும், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு விடுங்கள்.