விலைவாசியும் தங்கத்தின் கடைசி எலக்ட்ரானும்

"பணத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு தேய்கிறது. தங்கம் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பொருளாதாரப் பக்கம் எளிது. அரசு நினைத்தால் நோட்டு அச்சடிக்கலாம், தங்கத்தை அச்சடிக்க முடியாது. மனிதர்கள் இதுவரை தோண்டியெடுத்தது 2 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். சுரங்கங்கள் ஆண்டுதோறும் சேர்ப்பது ஏறத்தாழ 3,500 டன். இருப்பில் 2 சதவீதம்கூட இல்லை.

அந்த இருப்பு அழியாமல் கிடக்கிறதே, அதுதான் எனக்குத் தீராத வியப்பு. தனிம அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே நெடுவரிசை. மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான்தான். செம்பில் பச்சை பூக்கிறது, வெள்ளி கறுக்கிறது. தங்கத்துக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அவற்றின் இழுப்பால், கருவை ஒட்டியுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகள் தலைகாட்டும். எலக்ட்ரானின் நிறை கூடியதுபோல் ஆகி, அதன் சுற்றுவெளி சுருங்கும். வெளிக்கூட்டு எலக்ட்ரானும் அவ்வப்போது கருவின் அருகே வந்துபோவதால், அதன் கூடும் சுருங்கி, கருவோடு இறுகுகிறது. ஆக்சிஜனால் அதை எளிதில் பறிக்க முடிவதில்லை. தங்கத்தைக் கரைக்க இராஜ திராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) போன்ற கடும் கரைசல்கள் வேண்டியிருப்பதற்கு இது பெரிய காரணம். மஞ்சள் நிறமும் இதே கணக்குதான். வெள்ளி புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சுகிறது. தங்கத்தில் ஆற்றல் மட்டங்களின் இடைவெளி குறைந்துவிடுவதால் நீல ஒளி உறிஞ்சப்பட்டு, மஞ்சள் திரும்பி வருகிறது. சார்பியலை வெறுங்கண்ணால் பார்க்க இதைவிட அழகான இடம் எனக்குத் தெரியாது.

தங்கம் அரிதாக இருப்பதற்கு விண்வெளியில் காரணம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் இரு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரும் விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியதால் எழுந்த ஈர்ப்பலைகள், அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வுகள், பதிவாயின. அத்தகைய அரிய மோதல்களில் தங்கம் போன்ற கனத் தனிமங்கள் உருவாகின்றன என்பதற்கு வலுவான சான்று அப்போதுதான் கிடைத்தது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு இத்தகைய ஆய்வுகளின் நிதியை வெட்டுவது பெரும் தவறு என்பேன்.

ஆனால் "தங்கம் விலை இறங்கவே இறங்காது" என்பது வெறும் மூடநம்பிக்கை. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999-இல் 250 டாலருக்கு அருகே கிடந்தது. அதே காலத்தில் அமெரிக்க விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. தங்கம் வட்டி ஈட்டாது. பணவீக்கத்தை மிஞ்சி வங்கி வட்டி ஏறும்போது தங்கத்தை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போகிறார்கள். எலக்ட்ரான் உலோகத்தைத்தான் காக்கும், விலையைக் காக்காது.