ஆடிட்டர் வைத்த முத்திரை: வெப்டிரஸ்ட் எதற்குச் சான்று?

1997-ல் இணையக் கடையில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுக்க அமெரிக்கர்களே தயங்கினார்கள். கடைக்காரர் யாரென்று தெரியாது, பணம் கட்டினால் பொருள் வருமா என்பதும் தெரியாது. இதில் தங்களுக்கு வேலை இருப்பதை அங்குள்ள ஆடிட்டர்கள் கண்டுகொண்டார்கள். அமெரிக்க, கனடா கணக்காளர் கழகங்கள் சேர்ந்து அந்த ஆண்டு தொடங்கிய திட்டம்தான் வெப்டிரஸ்ட். இதில் அரசுக்குப் பங்கில்லை. சேர்வதும் சேராததும் கடைக்காரர் இஷ்டம்.

சேர்ந்தால், அந்தக் கடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, உரிமம் பெற்ற கணக்காளர் வந்து சோதிப்பார். பொருளை அனுப்பும் காலம், திருப்பி எடுக்கும் விதி ஆகியவற்றை வெளிப்படையாகப் போட்டு அதன்படியே கடை நடக்கிறதா? கேட்ட பொருள் சொன்ன விலையில் போய்ச் சேருகிறதா? வாங்குபவரின் விவரங்கள் கசியாமல் இருக்கின்றனவா? திருப்பித் தரலாம் என்று பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. பணம் உண்மையிலேயே திரும்பிப் போனதா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். தேறினால் தளத்தில் முத்திரை ஏறும். அதைத் தட்டினால் ஆடிட்டரின் அறிக்கை திறக்கும். தொடக்க விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் சோதனை உண்டு.

அந்த அறிக்கையில் பலரும் படிக்காமல் தாண்டிய வரி ஒன்று இருந்தது: பொருளின் தரத்துக்கு இது சான்று அல்ல. வாங்கிய சட்டை சாயம் போனால் ஆடிட்டரிடம் போய் நிற்க முடியாது.

கடைகள் நடுவே திட்டம் எடுபடவில்லை. ட்ரஸ்ட்ஈ போன்ற முத்திரைகள் மலிவாகக் கிடைத்தன. வாங்குபவருக்கோ எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. சின்னக் கடைக்குத் தணிக்கைச் செலவு கட்டுபடியாகவில்லை, பெரிய கடைக்குப் பெயரே போதும் என்பது என் கணிப்பு.

ஆனால் அதன் கிளை ஒன்று பிழைத்துக்கொண்டது. 2000-ல் வந்த அந்தப் பிரிவு, இணையதளங்களுக்கு டிஜிட்டல் சான்றிதழ் (முகவரியில் இருப்பது அந்தத் தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாளம்) தரும் நிறுவனங்களைத் தணிக்கை செய்கிறது. ஆண்டுதோறும் இந்தத் தணிக்கையோ இதற்கு ஈடான ஐரோப்பியத் தணிக்கையோ முடித்தால்தான் அந்த நிறுவனங்களை பிரவுசர்கள் ஏற்கும். நம் நாட்டின் இமுத்ராவும் இதற்கு உட்பட்டதுதான். முகவரிப் பட்டையில் நாம் பார்த்துப் பழகிய பூட்டுக்குப் பின்னால் இப்படி ஓர் ஆடிட்டர் இருக்கிறார்.

அதற்காகப் பூட்டைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த முகவரியோடு நீங்கள் பேசுவதை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். போலிக் கடைக்கும் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-ல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

ஆடிட்டரே கோட்டை விட்டால்? 2016-ல் சீனாவின் வோசைன் நிறுவனம் சான்றிதழ்களுக்குப் பழைய தேதி போட்டது அம்பலமானது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லா அதன் புதிய சான்றிதழ்களை ஏற்க மறுத்தது. அதோடு நிற்கவில்லை: வோசைனுக்குத் தணிக்கை செய்த எர்ன்ஸ்ட் அண்ட் யங்கின் ஹாங்காங் கிளை தரும் அறிக்கைகளையும் இனி ஏற்பதில்லை என்று அறிவித்தது.