கார்டு ஒன்றுதான், கவனிப்பு?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். 74 வயதுக் கறுப்பின அம்மையார். 70 வயது வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவர். "கண்ணுக்குள் புகைக்கரி மிதக்கிறது டாக்டர்" என்றார். இடது கண்ணுக்குள் ரத்தக் கசிவு. சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகள் ஆகியும், சொட்டு மருந்து விட்டு அவருடைய விழித்திரையை யாரும் பார்த்ததே இல்லை. அன்று காலையில் வந்துபோன வெள்ளையரிடமும் அதே நிறுவனத்தின் அதே மெடிகேர் கார்டுதான். மெடிகேர் என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் 65 வயது கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு; தனியார் நிறுவனங்கள் வழியாகவும் அதைப் பெறலாம். அவர் ஆண்டு தவறாமல் வருகிறார். அவருக்குக் கடிதம் வருகிறது, போனும் வருகிறது.

இதைச் சொன்னால், இங்கே அமெரிக்காவில் என்னோடு வேலை பார்க்கும் மருத்துவர்களே, நம் ஊர்க்காரர்கள் உட்பட, "அதுதான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, வராதது அவர்கள் தப்பு" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஐயா, கார்டு பில்லைக் கட்டும், அவ்வளவுதான். சொட்டு மருந்து விட்டால் நாலு மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். அன்று பேருந்து எப்படி ஓட்டுவது? அந்த நாள் சம்பளத்தை யார் கொடுப்பது? அவர் கண்ணைக் காட்டாமலும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். பவர் பார்த்தார்கள், விழித்திரையைப் பார்க்கவில்லை. ஒரு மருத்துவர் பரிந்துரைக் கடிதம் எழுதினாராம். அந்தக் கிளினிக் அவருடைய காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலிலேயே இல்லை!

மட்டமான திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்பது அடுத்த சமாதானம். ஆய்வாளர்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வின்படி, மெடிகேரின் கீழ் இயங்கும் தனியார் திட்டங்களில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் பரிசோதனை நடந்தது வெள்ளையரில் 50.4 சதவீதம், கறுப்பினத்தவரில் 43.6. மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்து திரும்பியவர்களுக்கான தொடர்கவனிப்பில் 54-க்கு 33.2. 2006இல் அதே இதழில் 151 திட்டங்களை அலசினார்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இருந்த இடைவெளியில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரே திட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களில் தரமும் உயர்ந்து இடைவெளியும் குறைந்திருந்த திட்டம் ஒன்றே ஒன்று. திட்டத்தின் சராசரி நன்றாக இருப்பதும் இந்த அம்மையாரின் கண் போனதும் ஒரே சமயத்தில் நடக்கும்.

கூடுதல் கவனிப்பு யாருக்கு என்று தீர்மானிக்கும் மென்பொருளின் கதை தனி. 2019இல் வெளியான ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட ஒரு மென்பொருள், செலவு குறைவு என்றால் நோயும் குறைவு என்று கணக்குப் போட்டிருந்தது. மருத்துவரிடம் போக வழியில்லாதவருக்குச் செலவு எங்கிருந்து வரும்? பிழையைச் சரிசெய்தால், கூடுதல் உதவிக்குத் தகுதியாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கண்டார்கள்.

சர்க்கரை நோயாளிகளே, கண்ணாடிக் கடையில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "என் விழித்திரையைப் பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனைக்கு மெடிகேரில் இடமுண்டு. எந்தக் கிளினிக், பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்பதை முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். நமக்கென்ன என்று நம்மவர்கள் இருக்கவும் வேண்டாம். பல பட்டியல்களில் சீனர், பிலிப்பினோ, தமிழர் எல்லாரும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள்தான். நம் சர்க்கரை அந்தச் சராசரியில் கரைந்துபோகிறது.

கிளினிக் வரவேற்பு மேசையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காப்பீட்டுத் திட்டங்களின் தரத்தை மதிப்பிடும் என்சிக்யூஏ என்ற அமைப்பு, 2022ஆம் ஆண்டுக் கணக்கு முதல் சில அளவுகோல்களை இனவாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. தயவுசெய்து இனத்துக்கான கட்டத்தை முகத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள், ஆளிடம் கேளுங்கள். நான் நோயாளியாகப் போன ஓரிடத்தில் என்னை 'ஹிஸ்பானிக்' என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். மூன்று முறை திருத்தச் சொல்லியாயிற்று.